நோயிலும் நன்றி மறவா நெஞ்சினர்
பாம்பன் ஸ்ரீமத் குமரகுருதாச சுவாமிகள்

உடலெடுத்த உயிர்கள் அனைத்தும் ஏதேனும் ஒரு நாளில் நோய்க்கு ஆட்பட்டே தீரவேண்டும். செல்வம் படைத்தோர், வறியோர், கற்றோர், கல்லாதோர் என்னும் வேறுபாட்டினை நோய் அறியாது. உடல் நலமாயிருக்கும் காலத்தில் ஆலயத்திற்கு வந்து அர்ச்சனை செய்து, நெஞ்சம் நெகிழ்ந்து இறைவனுக்கு நன்றி கூறுவது எவர்க்கும் எளிது. படுக்கையில் வீழ்ந்து, அடுத்த நாள் விடியுமோ என்று கலங்கும் வேளையில் அதே நன்றியுணர்வு நெஞ்சில் நிலைத்திருத்தல் அரிதினும் அரிது. அவ்வரிய நிலையினை வாழ்ந்து காட்டிய அருளாளர்களுள் ஒருவர், நம் ஆலயங்களில் நாள்தோறும் ஓதப்பெறும் சண்முக கவசத்தை அருளிய பாம்பன் ஸ்ரீமத் குமரகுருதாச சுவாமிகள் ஆவார்.

ஈப்போ நகரையும் அதனைச் சூழ்ந்த லகாட், பூசிங், பத்து காஜா முதலிய ஊர்களையும் நாடி வந்த நம் முன்னோர், நோயின் கொடுமையினை நன்கு அறிந்தவர்கள். பால்மரக் காடுகளிலும் ஈயச் சுரங்கங்களிலும் உழைத்த அவர்களை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. தோட்ட மருத்துவமனையில் டிரஸர் கொடுத்த கொயினா மருந்தை ஒரு கையிலும், தோட்டத்துக் கோயில் திருநீற்றை மறு கையிலும் ஏந்தியே அவர்கள் பிழைத்தெழுந்தனர். பிழைத்தெழுந்தோர் பால்குடம் எடுத்தனர், காவடி சுமந்தனர். தைப்பூச நன்னாளில் ஈப்போ கல்லுமலை முருகன் சன்னிதானத்தில் இன்றும் நாம் காணும் காவடிகளுள் பல, நோய் தீர்ந்தமைக்காகச் செலுத்தப்படும் நேர்த்திக்கடன்களே. அக்கடனின் உட்பொருளை உணர்ந்துகொள்ள, பாம்பன் சுவாமிகளின் வாழ்க்கையைக் காட்டிலும் பொருத்தமான பாடம் நமக்கு வேறில்லை.

தென்னந்தோப்பில் தொடங்கிய தொண்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இராமேசுவரத்தில், சாத்தப்ப பிள்ளை, செங்கமலம் அம்மையார் என்னும் சிவநெறிச் செல்வர்களுக்கு மகவாகத் தோன்றியவர் சுவாமிகள். பெற்றோர் இட்ட பெயர் அப்பாவு. பாம்பனில் வளர்ந்த அவர், இளமையிலேயே கந்தர் சஷ்டி கவசத்தில் ஈடுபாடு கொண்டு அதனை இடையறாது ஓதி வந்தார். பதின்மூன்று வயது நடக்கும்பொழுது ஒரு நாள் காலையில், தமது தந்தையாருக்கு உரிய தென்னந்தோப்பில் இருந்த வேளை, தாமும் முருகப்பெருமானைப் பாடவேண்டும் என்னும் வேட்கை அவருள் எழுந்தது. அன்று முதல் நாளொன்றுக்கு ஒரு பாடலாக நூறு பாடல்களைப் பாடினார். அருணகிரிநாதரைத் தமது ஞானகுருவாக ஏற்றுப் பாடல்தோறும் அவர் திருப்பெயரை அமைத்துப் பாடியமை இங்கு நினைந்து போற்றத்தக்கது. தொடக்கத்திலேயே தமக்கு முன்னிருந்த அருளாளர்க்கு நன்றி செலுத்திய பின்னரே தமது பாடலை நிறைவு செய்யும் பழக்கம் அவரிடம் வேரூன்றியிருந்தது.

இராமேசுவரத்தில் வாழ்ந்த சேதுமாதவ ஐயர் என்னும் பெரியார், விசயதசமி நாளில் அக்கினி தீர்த்தத்தில் நீராடச் செய்து, அவருக்கு ஆறெழுத்து மந்திரத்தை உபதேசித்தார். பின்னர் காளிமுத்தம்மையாருடன் அவருக்குத் திருமணம் நடைபெற்றது. மக்கள் மூவர் பிறந்தனர். இல்லறத்தில் இருந்துகொண்டே வணிகத்தைக் கவனித்து, இரவெல்லாம் தியானத்திலும் பாடலிலும் திளைத்து வந்தார்.

அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அவரது நெஞ்சுறுதியைக் காட்டுவதாகும். மகள் சிவஞானாம்பாள் கைக்குழந்தையாக இருந்தபொழுது நோயுற்று ஓயாமல் அழுதாள். அன்னையார் வருந்திக் கணவரிடம் வந்து, குழந்தைக்குத் திருநீறு இட வேண்டினார். தாம் இடுவதற்கு யார் என்று எண்ணிய சுவாமிகள், முருகனிடமே முறையிடுமாறு கூறிவிட்டுத் தியானத்தில் அமர்ந்தார். அன்னையார் கண்ணீருடன் முருகனை நினைந்திருக்க, காவியுடை தரித்த ஒருவர் வந்து குழந்தையை வாங்கித் திருநீறு பூசிக் கொடுத்துச் சென்றார் என்றும், குழந்தை நோய் நீங்கி உறங்கிற்று என்றும் சுவாமிகளின் வரலாறு கூறுகிறது. தம் வீட்டில் நிகழ்ந்த நலத்திற்குத் தம்மைக் காரணமாகக் கருதாமல், அதனை அருளியவனுக்கே உரியதாக்கிய பண்பு இதிற் புலப்படுகின்றது.

பிறர் நோய் தீரப் பிறந்த கவசம்

1891 ஆம் ஆண்டில் சுவாமிகள் சண்முக கவசத்தை இயற்றினார். உயிரெழுத்துப் பன்னிரண்டும் மெய்யெழுத்துப் பதினெட்டும் முறையே முதலில் வர, முப்பது பாடல்களாக அமைந்தது அந்நூல். உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒவ்வோர் உறுப்பையும் ஆறுமுகன் காத்தருள வேண்டும் என்பதே அதன் வேண்டுதல். நோயுற்றோரும் பகைக்கும் அச்சத்திற்கும் ஆளானோரும் ஓதிப் பயன்பெறும் பொருட்டு அதனை அவர் உலகிற்கு வழங்கினார். அவ்வாறு வழங்கிய கவசமே முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் தமக்கும் துணை நிற்கும் என்று அப்பொழுது எவரும் எண்ணியிருக்க இயலாது.

அதே காலப்பகுதியில் அவர் வாழ்வில் ஒரு பெருந்தடையும் நேர்ந்தது. பழனிக்குச் சென்று துறவு பூணவேண்டும் என்னும் ஆவல் அவருக்கு மிகுந்திருந்தது. நண்பர் ஒருவரிடம் தமது பயணத்தைப் பற்றிக் கூறியபொழுது, அது முருகனது கட்டளையோ என்று அவர் வினவினார். கட்டளை எதுவும் இல்லாதிருந்தும், ஆம் என்று சுவாமிகள் விடையளித்துவிட்டார். அன்றே முருகப்பெருமான் சினந்த தோற்றத்துடன் காட்சியளித்து, பொய்யுரைத்தமையைக் கண்டித்து, தாம் அழைக்கும் வரை பழனிக்கு வரலாகாது என ஆணையிட்டதாக வரலாறு. அவ்வழைப்பு அவர் வாழ்நாள் முழுவதும் வரவேயில்லை. ஆயிரக்கணக்கான பாடல்களால் முருகனைப் பாடிய அவர், பழனி மலையை ஒரு முறையேனும் மிதியாமலே வாழ்ந்து முடித்தார்.

மெய்யன்பர்கள் இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கேட்டது கிடைக்கவில்லை என்பதற்காக அவர் பாடுவதை நிறுத்தவில்லை. மறுப்பினையும் தம்மைத் திருத்தும் அருளாகவே ஏற்று மேலும் மேலும் பாடினார். பிற்காலத்தில் மருத்துவமனைப் படுக்கையில் அவர் காட்டிய அமைதிக்கு வித்திட்டது இந்த மறுப்பை ஏற்ற மனமே எனலாம்.

துறவும் சென்னை வாழ்வும்

1894 ஆம் ஆண்டில் இராமநாதபுரத்தை அடுத்த பிரப்பன்வலசை என்னும் சிற்றூரில், மயானத்தின் அருகே குழியொன்று அமைத்து, அதனுள் அமர்ந்து முப்பத்தைந்து நாட்கள் கடுந்தவம் இயற்றினார். அத்தவத்தின்பொழுது முருகப்பெருமான் அகத்தியருடனும் அருணகிரிநாதருடனும் எழுந்தருளி உபதேசம் செய்தருளினார் என அடியார்கள் போற்றுவர். அதன் பின்னர் இல்லறத்தைத் துறந்து சென்னை வந்தடைந்தார். அறிமுகமில்லாத அந்நகரில் வண்டிக்காரர் ஒருவர் தாமே முன்வந்து, பங்காரு அம்மையார் என்னும் முதியவரின் இல்லத்தில் அவரைச் சேர்ப்பித்தார் என்பர். அவ்வம்மையார் அவருக்கு உணவளித்துப் பேணினார். காசி யாத்திரையின்பொழுது அங்குள்ள குமரகுருபரர் மடத்தில் காவியுடை பெற்றார்.

உப்பு, புளி, காரம் ஆகியவற்றை அறவே நீக்கிய உணவே அவர் உட்கொண்டது. அதுவும் நாளுக்கு ஒரு வேளை மட்டுமே. இக்கடும் நோன்புடனேயே நூல்கள் பல இயற்றினார். வடசொற் கலவாத தனித்தமிழில் சேந்தன் செந்தமிழ் என்னும் நூலை ஆக்கினார். அவர் இயற்றிய பாடல்கள் 6666 என்று கணக்கிட்டுள்ளனர்.

1918 ஆம் ஆண்டில் அவரை வெப்புநோய் பற்றியது. அவ்வேளை அவர் பாடியதே நாற்பத்து நான்கு மந்திரங்களைக் கொண்ட குமாரஸ்தவம். அதனை ஓதும் எவரும் ஒன்றனைக் காணலாம். தமது உடலின் துன்பத்தை விரித்துரைக்கும் புலம்பலாக அது அமையவில்லை. முருகனது பெருமைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிற்கும் வணக்கம் கூறுவதாகவே அமைந்துள்ளது. நோய் நீங்குவதற்கு முன்னரே வணங்கி நின்ற நெறி அது.

முறிந்த காலும் மயில் வாகனக் காட்சியும்

1923 ஆம் ஆண்டு திசம்பர் 27 ஆம் நாள் சென்னைத் தம்புச் செட்டித் தெரு வழியே சுவாமிகள் நடந்து சென்றுகொண்டிருந்தபொழுது, விரைந்து வந்த குதிரை வண்டி ஒன்று அவர் மீது மோதியது. சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்தது. அன்பர்கள் அவரைச் சென்னை அரசினர் பொது மருத்துவமனையிற் சேர்த்தனர். எழுபது வயதைக் கடந்த முதியவர். நெடுங்காலம் உப்பின்றி உண்ட மெலிந்த உடல். முறிந்த எலும்பு மீண்டும் கூடுவது அரிது என மருத்துவர்கள் கருதினர். செய்தி கேட்ட அடியார்கள் கலங்கினர்.

சுவாமிகளோ மருத்துவத்தை மறுக்கவில்லை. மருத்துவமனையை விட்டு அகலவும் இல்லை. கட்டுப்போட்ட காலுடன் படுத்தவாறே ஆறெழுத்தை உச்சரித்துக்கொண்டிருந்தார். அவருடைய சீடர் சின்னசாமி சோதிடர், தம் குருநாதர் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அருளிய சண்முக கவசத்தையே அவர் பொருட்டு இடைவிடாது ஓதலானார். காலைக் காக்குமாறு வேண்டும் பகுதியை ஓதும்பொழுது, முறிந்த எலும்பை வேற்படைகள் தாங்கிப் பொருத்தும் காட்சி அச்சீடருக்குத் தோன்றியதாகக் கூறுவர். ஊரார் நோய்க்கென வழங்கிய மருந்து, வழங்கியவரின் நோய்க்கே சீடர் வாயிலாகத் திரும்பி வந்தது.

பதினோராம் நாள், அதாவது 1924 சனவரி 6 ஆம் நாள், மார்கழி மாத வளர்பிறைப் பிரதமை. அன்றிரவு வானில் மயில்கள் இரண்டு தோகை விரித்து ஆடிவரும் காட்சியைச் சுவாமிகள் கண்டார். தொடர்ந்து செந்நிறக் குழந்தையாக முருகப்பெருமான் தம் அருகே படுத்திருக்கக் கண்டு உள்ளம் உருகினார். அதன் பின்னர் எலும்பு கூடத் தொடங்கியது என்றும், சோதித்த மருத்துவர்கள் வியப்புற்றனர் என்றும் அடியார்கள் வழிவழியாகப் போற்றி வருகின்றனர். சுவாமிகள் நலமுற்று மருத்துவமனையினின்றும் திரும்பினார்.

நன்றியை விழாவாக்கிய பெருந்தகை

நலம் பெற்றபின் சுவாமிகள் செய்தவையே இவ்வரலாற்றின் சிகரம். மருத்துவமனையில் தாம் தங்கிய நாட்களைப் பொருளாகக் கொண்டு அசோகசாலவாசம் என்னும் நூலைப் பாடினார். அசோகசாலம் என்பது சோகம் இல்லாத இடம் எனப் பொருள்படும். வலியும் முனகலும் நிறைந்த மருத்துவமனைக்கு அப்பெயரைச் சூட்ட வேண்டுமாயின், அங்குத் தாம் பெற்ற அருளை அவர் எத்துணை ஆழமாக உணர்ந்திருத்தல் வேண்டும்!

மேலும், மயில் வாகனக் காட்சி கிடைத்த நாளை ஆண்டுதோறும் மயூர வாகன சேவன விழாவாகக் கொண்டாடுமாறு தம் அடியார்களைப் பணித்தார். தம்மைப் போற்றும் விழாவாக அதனை அவர் அமைக்கவில்லை. காட்சி தந்த கடவுளுக்கு நன்றி செலுத்தும் நாளாகவே அமைத்தார். ஒருவருக்குக் கிட்டிய அருள் அவருடன் முடிந்து போகாமல், ஊர் கூடி இறைவனை நினைப்பதற்கு உரிய வாயிலாக மாறியது. மார்கழி மாதந்தோறும் அவ்விழா இன்றும் நடைபெற்று வருகின்றது.

அதன் பின்னர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த சுவாமிகள், 1929 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். சென்னைத் திருவான்மியூரில் அவரது சமாதித் திருக்கோயில் அமைந்துள்ளது. சென்னை செல்லும் மலேசிய அன்பர்கள் தவறாது தரிசிக்க வேண்டிய திருத்தலம் அது.

நமக்குரிய பாடம்

நோய் தீர்ந்தால் காவடி, தீராவிட்டால் மனத்தாங்கல் என்னும் நிலையில் நம்மிற் சிலர் இருந்துவிடுகின்றோம். அது வணிகமாகுமேயன்றி வழிபாடு ஆகாது. இறைவனிடம் கேட்பது குற்றமன்று. சுவாமிகளும் கேட்டார், அவர் பொருட்டுச் சீடரும் கேட்டார். ஆயின் கேட்டதற்கு முன்னும் பின்னும் அவர் நன்றியுடையவராகவே இருந்தார். பழனிக்குச் செல்லும் வரத்தை முருகன் தரவில்லை. முறிந்த காலை நலமாக்கித் தந்தான். தந்தபொழுதும் தராதபொழுதும் பாடிய வாய் ஒன்றே.

அருளாளர் அனைவருக்கும் நோய் தீர்ந்துவிடவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. திருவதிகையில் சூலைநோய் நீங்கப்பெற்ற திருநாவுக்கரசர், அந்நன்றியினால் வாழ்நாள் முழுவதும் உழவாரப்படையைக் கையில் ஏந்தித் தொண்டு செய்தார். திருவண்ணாமலை ரமண மகரிஷியின் இடக்கையில் 1948 ஆம் ஆண்டில் புற்றுக்கட்டி தோன்றியது. அறுவை மருத்துவங்கள் பல செய்தும் குணமாகாமல், 1950 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் அவர் உடலை நீத்தார். இறுதி நாள் வரை அன்பர்களுக்குத் தரிசனம் தருவதை அவர் நிறுத்தவில்லை. ஒருவருக்கு நோய் தீர்ந்தது, மற்றவருக்குத் தீரவில்லை. எனினும் இருவரது அமைதியும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்ததே. ஆகவே, மனமுருகி வேண்டியும் தம் அன்புக்குரியவர்களை இழக்க நேர்ந்தோர், தம்முடைய பக்தியிற் குறை இருந்ததோ என்று எண்ணி வருந்துதல் வேண்டா. அவர்கள் வேண்டிய வேண்டுதல் ஒருபோதும் வீணாகியதில்லை. துன்பப்பட்டவர் தனித்துத் துன்பப்படாதவாறு காத்து நின்றது அதுவே.

மற்றொன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பெருந்தவம் இயற்றிய சுவாமிகளே மருத்துவமனைப் படுக்கையில் தங்கி மருத்துவத்தை ஏற்றுக்கொண்டார். இக்காலத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் முதலியவற்றால் நம் குடும்பங்கள் பல அல்லற்படுகின்றன. வேண்டுதல் வைத்துவிட்டோம் என்று கூறி மாத்திரையை நிறுத்திவிடுவோரும், இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லாமல் நாளைக் கடத்துவோரும் உளர். திருநீறு பூசுவதற்கும் மருந்து உண்பதற்கும் இடையே பகை ஏதுமில்லை. மருத்துவர் கையிலும் தாதியர் கையிலும் நின்று தொழிற்படுவது இறையருளே என்று உணர்ந்து அவர்களுக்கும் நன்றி பாராட்டுவதே சுவாமிகளின் வழி நடப்பதாகும்.

நம் சுற்றத்தாருள் எவரேனும் நோயுற்றுக் கிடந்தால், சின்னசாமி சோதிடரை நினைத்துக்கொள்வோம். அவர் சோர்ந்திருக்கும்பொழுது அவருக்காக நாம் ஓதுவோம்; மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லாதவரை அழைத்துச் செல்வோம். நலம் பெற்றோர் தம் நன்றியை ஆலயத்தில் ஓர் உபயமாகவோ, ஏழை நோயாளிக்கு ஒரு வேளை உணவாகவோ மாற்றிக் காட்டுவோமாக. நலம் பெறும் வழியில் உள்ளோர், விடிந்த ஒவ்வொரு நாளுக்காகவும் ஆறுமுகன் திருப்பெயரை ஒரு முறையேனும் சொல்வோமாக. திருவிழாவிற்கு வருகைபுரியும் மெய்யன்பர்கள் அனைவர்க்கும் பாம்பன் சுவாமிகளின் குருவருளும், அவர் வழிபட்ட முருகப்பெருமானின் திருவருளும் துணை நிற்பதாக.

ஓம் சரவணபவ